நிகர நடுநிலைமை

கொலிச்சில் பெயர் கூப்பிடும்போதெல்லாம் ஸ்டெபனி ரீச்சர் ஒரு கணம் தயங்குவார். பட்டியலில் 'பேபி தில்லையம்பலம்' என்று இருக்கும். நாற்பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பார்த்து 'பேபி' என்று கூப்பிட முப்பது வயது ரீச்சருக்கு நா எழவில்லை. வேறு பெயர் ஏதும் இருக்கிறதா என்று முதல் வகுப்பிலேயே கேட்டார். இல்லை என்றாள் பேபி. உண்மையும் அதுதான். கடைசியாய்ப் பிறந்த பெட்டைக்கு நல்ல பெயராகப் பிறகு வைக்கலாம் என்று தகப்பன் விட்டுவைத்தார்; பதிவுக்காரர் அதற்குள் வந்து, வீட்டில் கூப்பிட்ட பெயரையே எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெயரோடுதான் அவள் கொழும்பைத் தாண்டி, கனடாவின் பார்க்டேலில் வந்து இறங்கி, பிறகு ஸ்காபரோவுக்கு மாறி, ஒரு மஃபின் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் பெட்டி கட்டினாள்.

போன வருடம் தொழிற்சாலை அமெரிக்காவுக்குப் போய்விட்டது. பேபி போகவில்லை. வேலை இழந்தவர்களைத் திரும்பப் படிக்க அனுப்பும் அரசாங்கத் திட்டம் ஒன்றில் அவளை 'அலுவலக நிர்வாகம்' என்ற படிப்பில் சேர்த்துவிட்டார்கள். கொம்பியூட்டர், கோப்பு அடுக்குவது, தொலைபேசியில் மரியாதையாகப் பேசுவது எல்லாவற்றிலும் ஒருமாதிரித் தப்பிப் பிழைத்தாள். தொடர்பாடல் என்ற ஒரு பாடம்தான் காலை வாரியது. முதல்முறை நாற்பத்தாறு. ஐம்பது எடுக்க வேண்டும். இரண்டாம் முறையும் தவறினால் படிப்பையே நிறுத்திவிடுவோம் என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை அவள் பிறிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். பால் எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

இந்த முறை குறூப் புறொஜெக்ட்டுக்கு மட்டும் முப்பது புள்ளி. அதில் விழுந்தால் எழும்ப முடியாது. குறூப்பில் அவளோடு இரண்டு பேர். லக்சிகாவுக்கு இருபது வயது, கனடாவில் பிறந்தவள், தாய் தகப்பன் தூரத்தில் ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கிப் போனதால் எங்கே போவதென்றாலும் காரில்தான் போவாள். தமிழ் நன்றாய் விளங்கும், வாயில் பாதி வரும், எழுத்து ஒன்றும் தெரியாது. மற்றவன் ஜதுர்சன். அவன் காதில் எந்த நேரமும் ஏதோ மாட்டியிருக்கும். என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவான். அது பதிலா, பாட்டுக்குத் தாளமா என்று பேபிக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவன் அவளுக்கு அனுப்பிய முதல் ஈமெயில் 'ஹாய் பேபி' என்று தொடங்கியது. அதைத் தற்செயலாகப் பார்த்த கணவர் தில்லையம்பலம் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனார்.

தலைப்பை லக்சிகாதான் ரீச்சரின் பட்டியலில் இருந்து எடுத்தாள். 'நெற் நியூட்ராலிற்றியை மீட்டெடுத்தல்.' பேபி கொப்பியில் எழுதிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த நெற் மூன்று: நுளம்புக்குக் கட்டுவது ஒன்று, பட்மின்ரனுக்குக் கட்டுவது ஒன்று, சம்பளத் துண்டில் வரி எல்லாம் வெட்டியபின் அடியில் மிஞ்சுவது ஒன்று. தெரிந்த நியூட்ரல் ஒன்றுதான். கணவர் கார் பழக்கிய நாட்களில், நியூட்ரலில் விடாதே, தன்பாட்டில் உருளும் என்று கத்துவார். மூன்று நெற்றையும் அந்த நியூட்ரலோடு மாறி மாறிச் சேர்த்துப் பார்த்தாள். ஒன்றும் சரிவரவில்லை.

வெட்கத்தை விட்டு லக்சிகாவிடம் கேட்டாள். அவள் நல்ல பிள்ளை, சலிக்காமல் சொன்னாள்.

"அன்ரி, இன்ரநெற் கொம்பனி இருக்கெல்லோ? அவங்கள் எல்லா வெப்சைற்றையும் சேம் ஸ்பீட்ல விடவேணும். காசு குடுக்கிறவனுக்கு ஃபாஸ்ற், மற்றவனுக்கு ஸ்லோ எண்டு செய்யக்கூடாது. லைக், ஃபோர் ஓ செவன் மாதிரி. காசு கட்டினா ஓடலாம். இல்லாட்டி ஃபோர் ஓ வண்ல ரஃபிக்ல நிக்கவேணும்."

பேபிக்கு அந்த இரண்டு நெடுஞ்சாலையும் தெரியும். அதனால்தான் குழப்பம் கூடியது.

"அப்ப நாங்கள் ஃபோர் ஓ செவனை மூடச் சொல்லுறமோ?"

லக்சிகா ஜதுர்சனைப் பார்த்தாள். ஜதுர்சன் தலையை ஆட்டினான்.

அன்றைக்கு வேலை பிரித்தார்கள். லக்சிகா எழுதுவது, ஜதுர்சன் படமும் ஸ்லைட்டும், பேபிக்குக் கருத்துக்கணிப்பு. தமிழ் ஆட்களிடம், முக்கியமாக வயது போனவர்களிடம், நாற்பது பேரின் பதில் வாங்கவேண்டும். ஜதுர்சன் போனிலேயே நிரப்பக்கூடிய படிவம் ஒன்றைச் செய்து தந்தான். கேள்வியைத் தமிழில் போடுவது பேபியின் பொறுப்பு. பேபிக்கு உள்ளூரச் சந்தோசம். முதல்முறை இந்தப் பாடம் படித்தபோது மற்றப் பிள்ளைகள் அவளுக்குத் தந்த வேலை, கடைசிப் பக்கத்தில் பெயர்களை ரைப் செய்வது மட்டும்தான். இப்போது அவளால் மட்டும் செய்யக்கூடிய ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

கேள்வியைப் போனில் மொழிபெயர்க்கப் போட்டாள். போன் ஒரு கணமும் யோசிக்காமல் சொன்னது: 'நிகர நடுநிலைமையை மீட்டெடுப்பதை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?' படித்தால் கம்பீரமாக இருந்தது. விளங்கத்தான் இல்லை. ஆனால் இங்கிலீசிலும் விளங்காத ஒன்று தமிழில் மட்டும் விளங்கவேண்டும் என்று என்ன கட்டாயம்? ஒரு பாதுகாப்புக்குத் தில்லையம்பலத்திடம் காட்டினாள். அவர் ஊரில் கொமேர்ஸ் படித்தவர். முப்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் படிப்புக்கு ஒரு மதிப்பு வந்ததில் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நிகரம் என்றால் கழிக்கிறதெல்லாம் கழித்தபின் மிஞ்சுவது, நல்ல சொல், ஒன்றும் மாற்றவேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார். பேபி படிவத்தைக் கோயில் வட்ஸ்அப் குறூப்பில் போட்டாள். கீழே, 'தயவுசெய்து எல்லாரும் நிரப்பவும், அவசரம், இப்படிக்கு பேபி தில்லையம்பலம்' என்றும் எழுதினாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை இங்கேதான் தொடங்குகிறது.

கோயில் தொழிற்பேட்டை ஒன்றில் ரயர் கடைக்கும் சோபாக் கடைக்கும் நடுவில் இருந்தது. தலைவர் சண்முகநாதன். அவரை இறக்கவேண்டும் என்று நிற்பவர் மோகனசுந்தரம். சண்டை மடப்பள்ளிப் பூட்டின் திறப்பு யாரிடம் இருப்பது என்பதில் ஆரம்பித்து, பிறகு கார் நிறுத்துமிடம், ஒலிபெருக்கி, ஐயரின் லீவு என்று பரந்துவிட்டது. வழக்கு வைக்கிற நிலை. போன மாதப் பொதுக்கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து யாரோ ஒருவர் எழும்பி, இரண்டு பகுதியும் வேண்டாம், நடுநிலையான ஆட்களிடம் கோயிலைக் கொடுங்கள் என்று கத்தியிருக்கிறார். கைதட்டல் அடங்கப் பத்து நிமிடம் பிடித்ததாம். அன்றுமுதல் கோயிலில் நடுநிலை என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். பேபி அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. அவளுக்கு அன்று கொலிச்சில் சோதனை இருந்தது.

நாற்பது பதில் கேட்டாள். மூன்று நாளில் நூற்றுப்பதினெட்டு வந்தது. நூற்றொன்பது பேர் 'ஆம்'. லக்சிகா போன் எடுத்துத் துள்ளினாள். வகுப்பில் வேறு எந்தக் குறூப்புக்கும் இவ்வளவு பதில் இல்லையாம். ஜதுர்சன் நீலநிறத்தில் ஒரு வரைபடம் கீறி அனுப்பினான். 'ஆம்' என்ற கோபுரம் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போனது. இந்த முறை கரை சேர்ந்துவிடுவேன் என்று பேபி நினைத்தாள்.

பதில்களுக்குக் கீழே ஆட்கள் கருத்தும் எழுதியிருந்தார்கள். அடுத்தநாள் பஸ்ஸில் இருந்து அவற்றை ஒவ்வொன்றாக வாசித்தாள். 'கட்டாயம் வேண்டும். பெரிய பகுதிகள் இரண்டும் ஆடினது போதும்' என்று முதலாவது சொன்னது. இன்ரநெற்றிலும் பெரிய கொம்பனி இரண்டோ மூன்றோதானே, சரியாய்த்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று பட்டது. 'திறப்பை ஒருவர் மட்டும் வைத்திருக்கக் கூடாது' என்று அடுத்தது. பாஸ்வேர்ட்டைச் சொல்கிறார்களோ? மூன்றாவதில், 'தில்லையம்பலம் நல்ல மனுசன், எங்கள் குடும்பத்தின் ஐந்து வாக்கும் அவருக்கே' என்று இருந்தது. பேபி இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டாள்.

எதிர்ப்பக்க பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில் மிச்சத்தையும் வாசித்தாள். நூற்றுப்பதினெட்டும் கோயில்தான். நடுநிலை ஆளாகத் தில்லையம்பலம் தலைவர் பதவிக்கு நிற்கிறார் என்று சனம் நினைத்துவிட்டது. ஒன்று மட்டும் நீளமாக இருந்தது: 'சாப்பாட்டுக்கு இரண்டு வரிசை வேண்டாம். எல்லாருக்கும் ஒரே வரிசை, ஒரே சாப்பாடு. பின்னால் நிற்கிறவருக்கும் பாயாசம் வேண்டும்.' படிவத்தில் பெயர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. பாயாசத்தைப் பற்றி இவ்வளவு மனம் நொந்து எழுத அந்தக் கோயிலில் ரோகிணி அக்காவைத் தவிர ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் அன்றைய பூசைக்குக் காசு கட்டிய உபயகாரருக்கும் அவர்கள் ஆட்களுக்கும் ஒரு குறுகிய வரிசை, மற்றச் சனத்துக்கு நீள வரிசை என்று சண்முகநாதன் பிரித்து வைத்திருந்தார். முழங்கால் வருத்தத்தோடு ரோகிணி அக்கா நீள வரிசையில்தான் நிற்பார்.

இதை எப்படிச் சொல்வது என்று பேபி வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு போனாள். வகுப்பில் லக்சிகா லப்ரொப்பைத் திருப்பிக் காட்டினாள். கருத்துக்களைப் போனில் போட்டு இங்கிலீசாக்கிப் பார்த்திருக்கிறாள். ஏழாவது ஸ்லைட்டில் பெரிய எழுத்தில் ரோகிணி அக்காவின் பாயாசம் நின்றது. அடியில், 'ஸ்காபரோவின் மூத்த தமிழர் ஒருவர்'.

"அன்ரி, இது சோ பியூற்றிஃபுல். எனக்கு அழுகையே வந்திட்டுது. நாங்கள் பத்துப் பேஜ்ல சொல்லுறதை அவங்கள் ரெண்டு லைன்ல சொல்லியிருக்கினம்."

பேபி வாயைத் திறந்தாள். பிறகு மூடிவிட்டாள். ஏனென்றால் அந்த இடத்தில்தான் அவளுக்குத் தலை சுற்றியது. ரோகிணி எழுதியது பாயாசத்தைப் பற்றி. அதில் சந்தேகமில்லை. ஆனால் காசு கட்டியவனுக்கு ஒரு வரிசை, மற்றவனுக்கு ஒரு வரிசை கூடாது என்றுதானே லக்சிகாவும் தொடக்கத்தில் சொன்னாள்? அப்படியானால் பதில் பிழையா, சரியா? பிழையான கேள்விக்குச் சரியான பதில் வந்தால் அதற்குப் புள்ளி உண்டா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரி இருந்தது அவளுக்கு.

கேட்கவும் பயமாக இருந்தது. அதற்கு முதல் கிழமை ஒரு கேள்வி கேட்டுத்தான் ஒரு பாடுபட்டாள். வாசிக்கச் சொன்ன பக்கங்களை அகராதி வைத்து வாசித்தபோது, சட்டத்தைக் கோர்ட் தள்ளியது அமெரிக்காவில்தான், கனடாவில் அந்த விதி இன்னும் இருக்கிறது என்று கண்டாள். இங்கே தொலையாததை நாங்கள் ஏன் மீட்கிறோம் என்று கேட்டாள். லக்சிகா அந்தப் பக்கங்களைத் தானும் திரும்ப வாசித்தாள். பிறகு பாதிக் கட்டுரையைத் திருப்பி எழுதவேண்டி வந்தது. இனியொரு கேள்வியை அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வீட்டில் வேறு ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. சண்முகநாதன் போன் எடுத்து, உதென்ன தங்கச்சி நிகர நடுநிலை, எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் என்று கேட்டார். மோகனசுந்தரம் கடையில் கண்டு, ஒரு நாளும் இல்லாமல், இரண்டு கையாலும் கும்பிட்டார். படிப்புக்காகத்தான் என்று பேபி இருவருக்கும் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்; நல்ல கெட்டிக்காரி என்றார்கள். தில்லையம்பலம் தொடக்கத்தில் பயந்தார். ஐந்தாறு போன் வந்தபின் பயம் தெளிந்தது. ஒருநாள் பேபி எட்டிப் பார்த்தபோது கண்ணாடிக்கு முன்னால் சால்வை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை, சனம்தான் கேட்கிறது என்றார்.

ரீச்சரிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று அவள் சொன்னபோது மட்டும் அவருக்குக் கோபம் வந்தது.

"உனக்கென்ன விசரோ? உந்தக் கடிதத்தை வாசிச்சனியெல்லோ? முதல்ல பாஸ் பண்ணு. அதுவரைக்கும் மதில்மேல் பூனையா இரு. பிறகு எந்தப் பக்கம் எண்டாலும் குதிக்கலாம்."

பிறிட்ஜ் கதவைக் காட்டித்தான் சொன்னார். பேபி அந்தப் பக்கம் பார்க்காமல் பால் எடுத்தாள்.

புதன்கிழமை வகுப்பில் பேசும் நாள். பேபிக்கு ஏழாவது ஸ்லைட், இரண்டு நிமிடம். லக்சிகா எழுதித் தந்ததை ஒரு கிழமையாகப் பாடமாக்கியிருந்தாள். சேலை வேண்டாம் என்று மகளின் பழைய கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனாள். இரண்டு நிமிடமும் பிசகாமல் சொன்னாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜதுர்சன்கூடக் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டுத் தட்டினான். இருக்கைக்குத் திரும்ப ஒரு அடி வைத்தபோது ஸ்டெபனி ரீச்சர் ஒரு கேள்வி கேட்டார். கேள்வியில் ஒரு பொல்லாப்பும் இல்லை. தமிழில் இதற்கு என்ன சொல் பாவித்தீர்கள், அந்தச் சொல்லைக் கேட்டால் உங்கள் ஆட்களுக்கு என்ன நினைவு வரும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். அவ்வளவுதான்.

ரீச்சர் பேனையை மேசையில் வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருட வேலையில் யாரும் பேபியிடம் ஒரு சொல்லின் பொருளைக் கேட்டதில்லை. மஃபின் எத்தனை என்றுதான் கேட்டார்கள். பொய் சொல்ல ஒரு வழியும் வரவில்லை.

"கோயில் ஞாபகம்தான் வரும் மிஸ்," என்றாள் தனக்குத் தெரிந்த இங்கிலீசில். "அவையள் ஒருத்தரும் இன்ரநெற்றைப் பற்றி எழுதேல்லை. கோயில் சண்டையைப் பற்றி எழுதினவை. நான் போட்ட சொல் பிழை. எனக்குத் தெரியும். சொல்லேல்லை."

வகுப்பில் முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும். ரீச்சர் சிரிக்கவில்லை. கணிப்பை எடுத்துவிட்டுத் திங்கட்கிழமைக்குள் கட்டுரையைத் திருத்தித் தரும்படி சொன்னார். அதோடு, நடந்தது என்ன என்று பேபி தன் சொந்தச் சொல்லில் ஒரு பக்கம் எழுதவேண்டும். அதைப் பார்த்துத்தான் புள்ளி போடமுடியும் என்றார்.

வெளியே நடையில் லக்சிகா சுவரோடு நின்றாள். கண் சிவந்திருந்தது. கோபத்தில் கத்தியிருந்தால் பேபிக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது அன்ரி. நீங்கள் வாசிச்சுச் சொல்லுவீங்கள் எண்டு நம்பினன்."

அந்த ஒரு வசனம் பேபியைக் கொன்றுவிட்டது. தன்னால் மட்டும் செய்யக்கூடிய வேலை என்று பூரித்த அதே வேலையில்தான் அவள் பிள்ளைகளை ஏமாற்றியிருந்தாள். மன்னிப்புக் கேட்க இங்கிலீசிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

வியாழன் முழுக்க வெள்ளைத்தாளோடு இருந்தாள். 'நான் பிழை செய்தேன்' என்று ஒரு வரி எழுதினாள். அடுத்த வரி வரவில்லை. என்ன பிழை என்று எழுத, எது சரி என்று தெரியவேண்டுமே. நெற் நியூட்ராலிற்றி என்றால் என்ன என்று அவளுக்கு இன்னும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஒரு பக்கம் 407, ஒரு பக்கம் பாயாசம், நடுவில் வெள்ளைத்தாள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாள். காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. விரதம் இல்லை, மனம் இல்லை. பூசை முடிந்து நீள வரிசையில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் ரோகிணி அக்கா வந்து நின்று, முழங்காலைத் தடவிக்கொண்டு, இன்றைக்குப் பாயாசம் சவ்வரிசியாம் என்று சொன்னார். வரிசை நகரவில்லை. முன்னுக்கு ஐம்பது பேராவது இருக்கும். பக்கத்தில் குறுகிய வரிசையில் ஏழெட்டுப் பேர், தட்டில் சோறு ஆவி பறக்க நடந்துகொண்டிருந்தார்கள்.

சண்முகநாதன் பேபியைக் கண்டுவிட்டார். நூற்றொன்பது பேரின் ஆதரவு உள்ளவளைக் கடைசியில் நிற்கவிட அவர் என்ன மடையரா? சனம் பார்க்கக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"பேபித் தங்கச்சி, நீங்கள் ஏன் உங்கை நிக்கிறியள்? முன்னுக்கு வாங்கோ."

இந்த இடத்தில் பேபி மறுத்துவிட்டாள் என்று எழுதினால் கேட்க நன்றாயிருக்கும். அவள் மறுக்கவில்லை. பசித்தது. கால் உளைந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்திக்கு முந்து என்று பழமொழியே இருக்கிறது. போனாள். அவள் வெளியே வர ரோகிணி அக்கா வழிவிட்டு ஒதுங்கி நின்றார். இரண்டு நிமிடத்தில் சோறு, மூன்று கறி, அப்பளம், பேப்பர் கப்பில் பாயாசம், சூடாக. பேபி ஓரமாக இருந்து எல்லாவற்றையும் சாப்பிட்டாள். நல்ல பாயாசம்.

தட்டை எறிய எழும்பியபோதுதான் நீள வரிசையைப் பார்த்தாள். ரோகிணி அக்காவின் முறை வந்திருந்தது. சோறு விழுந்தது, கறி விழுந்தது. பாயாசம் வார்த்த பிள்ளை வாளியைச் சரித்துக் காட்டினாள். வாளிக்குள் ஒன்றும் இல்லை. ரோகிணி அக்கா நீட்டிய கப்பைத் திரும்பச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரையும் ஏசாமல், மெல்ல நொண்டிக்கொண்டு போனார். பேபியின் கையில் காலிக் கப் இருந்தது. அதில் இரண்டு சவ்வரிசி ஒட்டியிருந்தது.

சனிக்கிழமை அவள் அந்தப் பக்கத்தை ஒரே மூச்சில் எழுதினாள். அவளது இங்கிலீசு குட்டை வசனங்களால் ஆனது. அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'நாங்கள் இன்ரநெற்றைப் பற்றிக் கேட்டோம். நான் போட்ட சொல் பிழை. ஆட்கள் கோயிலைப் பற்றிப் பதில் சொன்னார்கள். நான் அதை மறைத்தேன். ஒருவர் பாயாசம் பற்றி எழுதினார். நேற்று நான் நீள வரிசையில் நின்றேன். தலைவர் என்னைக் குறுகிய வரிசைக்குக் கூப்பிட்டார். நான் போனேன். யாருடைய தட்டில் இருந்தும் நான் எடுக்கவில்லை. யாரும் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. ஆனால் எனக்குப் பின்னால் நின்றவருக்குப் பாயாசம் இல்லை. நெற் நியூட்ராலிற்றி என்றால் இதுவா என்று எனக்குத் தெரியாது. இதுவாக இருந்தால், எங்கள் கேள்விக்கு என் பதில் ஆம். ஆனாலும் நான் போனேன்.'

லக்சிகாவுக்கு அனுப்பினாள். ஒரு மணித்தியாலத்தில், எழுத்துப்பிழை மூன்று மட்டும் திருத்தினேன், மற்றதைத் தொடவில்லை, கட்டுரையின் கடைசியில் வைக்காமல் முதலில் வைத்திருக்கிறேன் என்று வந்தது. ஜதுர்சன் பெருவிரல் படம் ஒன்று அனுப்பினான்.

வியாழக்கிழமை புள்ளி வந்தது. புறொஜெக்ட்டுக்கு முப்பதில் பத்தொன்பது. எல்லாம் சேர்த்துப் பாடத்துக்கு ஐம்பத்திமூன்று. பாஸ். பேபி பிறிட்ஜ் கதவில் இருந்த கடிதத்தைக் கழற்றி மடித்தாள். தில்லையம்பலம் தனக்கு முதலே தெரியும் என்றார். அவளது பக்கத்தின் ஓரத்தில், 'ஆனாலும் நான் போனேன்' என்ற வரிக்குப் பக்கத்தில், ஸ்டெபனி ரீச்சர் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: பின்னால் நின்றவருக்குப் பிறகாவது பாயாசம் கிடைத்ததா?

பதில் எழுத அதில் இடம் விட்டிருக்கவில்லை. பாடம் முடிந்துவிட்டது, யாரும் பதில் கேட்கப்போவதும் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி அவளோடு சமைத்தது, அவளோடு பஸ் ஏறியது. பாஸ் பண்ணிய சந்தோசம் எங்கே போயிற்று என்று அவளுக்கே விளங்கவில்லை.

அடுத்தநாள் வெள்ளிக்கிழமை. கோயிலில் தில்லையம்பலம் சால்வையோடு குறுகிய வரிசையில் முதலாவதாக நின்றார். பேபி நீள வரிசைக்குப் போனாள். ரோகிணி அக்காவைத் தேடிப் பிடித்து, அவருக்குப் பின்னால் நின்றாள். சண்முகநாதன் இந்த முறையும் விடவில்லை, கையைக் காட்டினார். மோகனசுந்தரமும் அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேபி எந்தப் பகுதிக்கு நகர்கிறாள் என்று பார்க்கச் சனத்துக்கும் ஆசைதான்.

"இல்லை அண்ணை, நான் ரோகிணி அக்காவுக்குப் பின்னால," என்றாள்.

அதில் என்ன உள்ளர்த்தம் இருக்கிறது என்று இரண்டு பகுதியும் யோசித்தன. வரிசை நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. பாயாசம் வார்த்த பிள்ளை வாளியைச் சரித்து, அகப்பையால் அடியைச் சுரண்டி, ரோகிணி அக்காவின் கப்பில் ஊற்றினாள். பேபி தன் கப்பை நீட்டியபோது பாயாசம் முடிந்திருந்தது.